காயாத தரை

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோவார். பெண்ணின் வாப்பா அவளுக்கென்று கட்டிக்கொடுத்த வீடு அது. அதிராம்பட்டினத்தில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் என் மனைவியின் வீட்டுக்குள் வந்தேன். வந்த சூட்டோடு துபாய்க்கு விமானம் ஏறிவிட்டேன். அதன் பிறகு இந்த வீட்டில் நான் இருந்ததெல்லாம் லீவில்தான். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று மனப்பாடம் ஆவதற்குள் லீவு முடிந்துவிடும். இப்போது வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டேன். தாடியும் வெளுத்துவிட்டது. ஆனாலும் தெருவில் நான் அந்த வீட்டு மாப்பிள்ளைதான்.

துபாயில் நான் பார்த்தது மரத்தரை போடும் வேலை. பெரிய பெரிய வில்லாக்களில், ஆள் முகம் தெரிகிற மாதிரி மின்னும் தரைகள். வந்து பார்க்கிறவர்கள் பலகையைத்தான் பார்ப்பார்கள், தடவிப் பார்ப்பார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பார்கள். எங்களுக்குப் பலகை பதிப்பது கடைசி வேலை, லேசான வேலை. அதற்குக் கீழே இருக்கிற பழைய தரையைச் சரிசெய்வதில்தான் இடுப்பு ஒடியும். தரையில் மேடு பள்ளம் இருந்தால் மேலே பலகை முனகும். அடியில் ஈரம் இருந்தால் பலகை குடித்து, வீங்கி, நடு அறையில் கூடாரம் போல எழுந்து நிற்கும். அப்படி எழுந்த தரைகளைப் பிடுங்கிப் போடவும் நான் போயிருக்கிறேன். அதனால் கீழ்த்தரை விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் மனைவிக்கு முழங்கால் கெட்டுப்போய்விட்டது. நடப்பாள், சமைப்பாள், மீன்காரப் பெண்ணிடம் வாசலில் நின்று பேரம் பேசுவாள். ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதைவிட, தரையின் குளிர் ஆகாது. முழங்கால் சிமெண்டில் பட்டால் குளிர் எலும்புக்குள் ஏறுகிறது என்பாள். அதனால் தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்து செய்யத் தொடங்கியிருந்தாள். முடியாதவர்களுக்கு மார்க்கத்தில் அந்தச் சலுகை உண்டு. அது அவளுக்கும் தெரியும். மனசு என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் சலுகையை ஏற்கவில்லை.

இந்த வீட்டின் பின்னறையில் நோன்பு மாதம் முழுக்கத் தெருப் பெண்கள் இரவுத் தொழுகைக்குக் கூடுவார்கள். அவளுடைய உம்மா காலத்திலிருந்து நடக்கிறது. வீட்டுக்காரி என்கிற முறையில் முதல் வரிசையில் இவளுக்கு ஓர் இடம். போன நோன்பில்தான் அந்த இடத்தை விட்டுவிட்டு, கடைசியில் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் போனில் அதைச் சொன்னாள். "எல்லாரும் சுஜூதுக்குப் போனாங்க. நான் சேர்ல குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். நெத்தி தரையில படலங்க," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். வெள்ளம் வந்து தெருவில் படகு விட்ட வருடம்கூட போனில் அழாதவள் அவள்.

சுஜூது என்றால் நெற்றியை நிலத்தில் வைத்து வணங்குவது. ஐந்து வேளையும் வைத்துப் பழகிய நெற்றி அது. எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கெட்டியான பஞ்சுக் கம்பளமாகப் பார்த்து இரண்டு அனுப்பினேன். அதில் முழங்கால் புதைகிறது, கை ஊன்றினால் கையும் புதைகிறது, எழுந்திருக்க வழியில்லை என்று இரண்டையும் மடித்துப் பீரோவுக்கு மேல் போட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மரம் குளிராது. அடியில் தக்கை கொடுத்துப் போட்டால் லேசாக அமுங்கிக் கொடுக்கும், ஆனால் புதையாது. கை ஊன்றி எழலாம். அடுத்த நோன்புக்குள் அந்தப் பின்னறைக்கு மரத்தரை போட்டுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பலகை ஏற்கனவே வீட்டில் இருந்தது. ஒவ்வொரு வில்லா வேலை முடியும்போதும் மிச்சம் விழும் பலகைகளைக் கேட்டு வாங்கி, கட்டி, கார்கோவில் போர்வைக்கும் பால்பவுடருக்கும் நடுவில் வைத்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். பல வருடத்துச் சேர்மானம். ஒரு கட்டு வெளுப்பு, ஒரு கட்டு தேன் நிறம், ஒரு கட்டு கருப்புக்குப் பக்கம். அவளுக்கு அதெல்லாம் 'உங்க பலகை'. பரணில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று லீவுக்கு லீவு திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் சொன்னேன். மறுநாள் காலையில் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே, "அந்தத் தரை எங்க வாப்பா நின்னு போட்டது," என்றாள். பிறகு சட்னியை ஊற்றிவிட்டு, "சரி, போடுங்க. ஆனா நோம்புக்குள்ள முடிச்சிரணும். பொம்பளைங்க வந்து நிக்கும்போது அறை கொத்திப் போட்டுக் கிடக்கக் கூடாது," என்றாள். இந்த வருடம் நோன்பு மாசியில் தொடங்குகிறது. நான் மார்கழி பிறந்ததுமே ஆளைப் பிடித்துவிட்டேன்.

ஆள் என்றால், இந்த வீட்டுக்கு வழக்கமாக வருகிற கொத்தனார். பக்கத்தில் கடைமடைக் கிராமத்துக்காரர், கொஞ்சம் நிலமும் உண்டு. நான் துபாயில் இருந்தபோது இந்த வீட்டின் மாடியைக் கட்டியவர் அவர்தான். வந்தவர் என்னிடம், "என்ன பாய், எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். நான் வேலையை விளக்க ஆரம்பித்தேன். அவர் என் தோளுக்கு மேலாகச் சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அங்கே என் மனைவி நின்றிருந்தாள். அவள் "ம்" என்றதும்தான் சுத்தியலை எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. வந்தவுடனே சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் மேலே இருந்த டைல்ஸைப் பெயர்த்தோம். எங்கள் மகள் கல்யாணத்துக்காக ஒட்டியது. அதற்குக் கீழே, அவள் வாப்பா போட்ட காவித் தரை. நடந்து நடந்து வழவழவென்று ஆகியிருந்த பழைய சிவப்பு. அங்கங்கே உப்புப் பூத்து வெள்ளையாக உதிர்ந்தது. கடலோர ஊரில் இது இல்லாத பழைய தரை கிடையாது. நான் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு குனிந்தபடி தட்டிக்கொண்டே போனேன். கெட்டியான இடத்தில் 'டங்' என்று கேட்கும், அடியில் காலியான இடத்தில் 'டொக்' என்று கேட்கும். டொக் என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தால் அறை முழுக்க வட்டம். என் மனைவி எட்டிப் பார்த்து, "தோசை ஊத்தி வச்ச மாதிரி இருக்கு," என்றாள்.

வட்டம் போட்ட இடமெல்லாம் உளியால் கொத்தி எடுத்தோம். இரண்டு இடத்தில் கை முழங்கை வரைக்கும் இறங்கியது. ஒரு மூலையில் கரையான் மண்வழி தெரிந்தது. மருந்து ஊற்றி, ஜல்லிக் கலவை போட்டுக் கெட்டித்தோம். அதுவரைக்கும் எனக்கும் கொத்தனாருக்கும் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேலே பூசி மட்டம் செய்கிற நாளில்தான் வந்தது வினை. அவர் பூசிக்கொண்டே போகிறார், நான் பின்னாலேயே நீளமான மட்டக்கட்டையை வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறேன். கண்ணாடிக்குள் இருக்கிற குமிழி நடுவில் நிற்கவே மாட்டேன் என்கிறது. எங்கே வைத்தாலும் கொல்லைக் கதவுப் பக்கம் தரை இறங்குகிறது.

"மேஸ்திரி, இது என்ன?"

"வாட்டம் பாய்."

"வாட்டம் எதுக்கு? மட்டமா வேணும்னுதானே படிச்சுப் படிச்சு சொன்னேன்?"

"மட்டமாத்தான் இருக்கு. தண்ணி ஓடுறதுக்கு வாட்டம் குடுத்திருக்கேன். வாட்டம் இல்லாம எப்படி பாய் தரை போடுறது? கழுவி விட்டா தண்ணி எங்க போவும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் தரை என்றால் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு, துடைப்பத்தால் தள்ளிக் கழுவுவதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலில் பார்த்தாலும் தண்ணீர் ஓடும். அவர் கைக்கு வாட்டம் இல்லாமல் பூசத் தெரியாது. ஆனால் எனக்கு அன்று அந்த நியாயமெல்லாம் காதில் ஏறவில்லை. "இந்தத் தரையில இனிமே ஒரு சொட்டுத் தண்ணி விழாது! பலகைக்குத் தண்ணிதான் எமன்!" என்று கத்தினேன். கொத்தனார் வழக்கம்போல சமையலறை வாசலைப் பார்த்தார். அங்கே நின்றிருந்த என் மனைவி, "தண்ணி ஊத்திக் கழுவாத அறையா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். பூசியதை வழித்து, மறுபடி மட்டமாகப் பூசி முடிக்க இன்னொரு நாள் ஆனது. கிளம்பும்போது கொத்தனாரிடம், ஒரு வாரம் தண்ணீர் விட்டால் போதும், அப்புறம் காயவிட வேண்டும் என்று சொன்னேன். அவரும் தலையாட்டினார். அந்த வாரம் தரை நனைந்து கிடந்ததைப் பார்த்து, அவருடைய ஆள்தான் வந்து ஊற்றுகிறான் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஒரு வாரம் முடிந்ததும் நான் சோதனையை ஆரம்பித்தேன். இதற்கு மெஷின் எல்லாம் வேண்டாம். ஒரு பாலிதீன் தாளை அறை நடுவில் விரித்து நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் காலையில் தாளுக்கு அடியில் வேர்த்திருந்தால் தரையில் ஈரம் இருக்கிறது. வேர்க்காவிட்டால் பலகை போடலாம். நான் விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு, அப்படியே டீக்கடையில் ஒரு டீ, ஒரு வடை, ஊர்க்கதை, பேப்பர் எல்லாம் முடித்துக்கொண்டு வெயில் ஏறத்தான் வீட்டுக்கு வருவேன். வந்ததும் நேராகப் பின்னறைக்குப் போவேன். தாளுக்கு அடியில் முத்து முத்தாக வேர்வை. தரையே கருத்துப் போய்க் கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் வெளுக்கும். மறுநாள் காலையில் மறுபடியும் கருப்பு.

மார்கழிப் பனி என்று நினைத்தேன். பிறகு கடலைச் சந்தேகப்பட்டேன். உப்புத் தண்ணீர் அடியில் மேலேறி வருகிறது என்று முடிவுகட்டி, கொல்லையில் ஒரு குழி தோண்டிப் பார்த்தேன். குழி காய்ந்து கிடந்தது. ஃபேனைத் தூக்கி வந்து அறையில் ஓடவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. "ஈரம் போகவே மாட்டேங்குது," என்று தினமும் சொல்லிக்கொண்டே சாப்பிட உட்காருவேன். "இருக்கட்டும், இருக்கட்டும்," என்பாள் என் மனைவி. எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பழியைக் கொத்தனார் தலையில் போட்டேன். போனில் கூப்பிட்டு, கலவையில் குறை வைத்துவிட்டீர்கள், மணலைக் கழுவாமல் போட்டுவிட்டீர்கள் என்று வாயில் வந்ததைப் பேசினேன். "என் கலவையில குறை இருந்தா என் பேர மாத்திக்கிறேன் பாய்," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. தை பிறந்துவிட்டது. மாசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மாட்டுப் பொங்கலன்று டீக்கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் ஊருக்கு மாட்டுக்குப் பொங்கல் வைக்கப் போய்விட்டார். எனக்கு வேறு போக்கிடம் இல்லை, தொழுகை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தேன். பின்னறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அவள் அறை நடுவில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தொழுகைக்கு உட்காரும் அதே சேர். பக்கத்தில் ஒரு வாளி. மக்கில் தண்ணீரை மொண்டு, செடிக்கு ஊற்றுவது போலச் சுற்றிலும் பதமாக ஊற்றினாள். கை எட்டுகிற தூரம் வரை ஊற்றி முடித்ததும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேரைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு, வாளியையும் இழுத்து வைத்து, மறுபடி உட்கார்ந்தாள். நான் ஒட்டிய பாலிதீன் தாள் மேல் மட்டும் ஒரு சொட்டு விழாமல் ஒதுக்கி, அதன் ஓரத்தைச் சுற்றி ஊற்றினாள்.

"என்ன செய்யிறே?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"தண்ணி ஊத்துறேன். டீ குடிக்கலையா நீங்க?"

"எத்தனை நாளா ஊத்துறே?"

"பூசின மறுநாள்லேருந்து. நீங்க சுபுஹுக்குப் போனதும் ஒரு தடவ, சாயந்தரம் அஸருக்குப் போனதும் ஒரு தடவ."

"யாரு ஊத்தச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? சிமெண்டு போட்டா தண்ணி ஊத்தணும். மாடி கட்டும்போது நீங்களா வந்து ஊத்துனீங்க? நாந்தானே குடம் குடமா ஏத்துனேன். மேல போய்ப் பாருங்க, மயிரிழை வெடிப்பு இருக்கான்னு."

"ஈரம் போகலை, ஈரம் போகலைன்னு தினம் தலையில அடிச்சுக்கிட்டேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நல்லா ஊறுதுன்னு சந்தோஷப்பட்டேன்."

அவளே தொடர்ந்தாள். "பலகை போட்ட பொறவுதானே தண்ணி படக் கூடாது? அதுக்கு முன்னாடி சிமெண்டு நல்லா இறுகட்டுமேன்னுதான். உங்க பலகை நிக்கணும்ல."

வாளியை எட்டி உதைக்கலாம் போலத்தான் வந்தது. ஒரு மாதம் போச்சு, நோன்பு போச்சு என்று உள்ளே ஒரே கொதிப்பு. ஆனால் அவள் சேலைக் கரை முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. எந்தக் குளிர் ஆகாது என்று இந்தத் தரையையே கொத்திப் போட்டேனோ, அந்தக் குளிரில் அவள் தினமும் இரண்டு வேளை உட்கார்ந்திருக்கிறாள். குழாயிலிருந்து வாளியைச் சுமந்திருக்கிறாள், அந்த முழங்காலோடு. எனக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. மக்கை அவள் கையிலிருந்து வாங்கி வாளிக்குள் போட்டேன். "போதும். நல்லா இறுகிருச்சு," என்றேன்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. என் முகத்தைப் பார்த்து, தரையைப் பார்த்து, மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். "ஊத்தக் கூடாதா?" என்று கேட்டாள். "கூடாதுன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" நான் சொல்லியிருக்கலாம்தான். தரையைப் பற்றி ஊரெல்லாம் பேசினேன், அவளிடம் பேசவில்லை.

கொத்தனாரைத் தேடி அன்றே பைக்கில் போனேன். பண்டிகை நாள் என்று பார்க்காமல் அறுப்பு மெஷின் கிடைத்ததே பெரிது என்று சம்பா வயல் வரப்பில் நின்றிருந்தார். கன்னுக்குக் கட்டின மாலை மிச்சம் ஒன்று அவர் சைக்கிளில் தொங்கியது. மன்னிப்புக் கேட்கப் போன நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை.

"அம்மா ஊத்துறது எனக்குத் தெரியுமே பாய். பத்துப் பதினஞ்சு நாளைக்குக் கொறையாம ஊத்துங்கன்னு நாந்தானே சொல்லிட்டு வந்தேன்."

"ஒரு வாரம்னு உங்ககிட்ட சொன்னேனே!"

"எங்கிட்டதான் சொன்னீங்க. நான் வழக்கமா சொல்றத அவங்ககிட்ட சொன்னேன். வீடு அவங்களுதுல்ல?"

மெஷின் சத்தத்தில் நான் சிரித்தது அவருக்குக் கேட்டிருக்காது. சிரிக்காமல் வேறென்ன செய்வது?

அதற்குப் பிறகு தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தேன். மேலாகப் பூசிய இடங்கள் வெளுக்கத் தொடங்கின. ஆழமாகத் தோண்டி நிரப்பிய இடங்கள் மட்டும் அடம் பிடித்தன. விரல் கனம் காயவே வாரக்கணக்காகும், முழங்கை ஆழத்துக்குக் கேட்கவா வேண்டும்? தை கடைசியில் காலம் தவறி ஒரு மழை வேறு பெய்தது. அறுக்காத வயல்காரர்களெல்லாம் வானத்தைத் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். மழை விட்ட பிறகு தாளை ஒட்டிப் பார்த்தால், ஒரு மூலையில் வேர்வை இல்லை, நடுவில் இருந்தது. நடுவில்தான் முதல் வரிசை நிற்கும்.

"போட்டுருங்களேன். கொஞ்சம் ஈரந்தானே," என்றாள்.

"போட்டா இந்த நோம்புக்கு நல்லா இருக்கும். ஆடிக்குள்ள எந்திரிச்சு நிக்கும்."

போய் அந்தப் பிளாஸ்டிக் சேரைக் கழுவித் துடைத்து வெயிலில் வைத்தாள். நான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். இந்த வருடமும் அதில்தான் உட்காரப் போகிறோம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். ஆயுசு முழுக்க ஊரான் வீட்டுக்கெல்லாம் தரை போட்டவன், ஒருத்தியின் நெற்றி அளவுக்குத் தரை போட முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பலகைக் கட்டுகளை, அறையின் காற்றுக்குப் பழகட்டும் என்று பரணிலிருந்து இறக்கி நடுக்கூடத்தில் அடுக்கி வைத்திருந்தேன். நோன்புக்கு முந்தின வாரம் ஒரு காலை, அவள் அந்த அடுக்கில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காலை நீட்டிப் பக்கத்துக் கட்டின் மேல் போட்டிருந்தாள். வெறும் கால். வெறும் காலை அவ்வளவு நேரம் அவள் எதன் மேலும் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

"குளிரலையா?"

"இதுவா? இது எங்க குளிருது? இங்கேயே தொழுதுடலாம் போல இருக்கு," என்று சிரித்தாள்.

எனக்குப் பொறி தட்டியது. தரையோடு சேர்த்துப் பதித்தால்தானே ஈரத்தைக் குடிக்கும்? பாய் மாதிரி போட்டு எடுத்தால்? அன்றைக்கே கூடத்தில் உட்கார்ந்து, பலகையின் ஓரப் பள்ளத்துக்குள் பசை வைத்து ஒன்றோடு ஒன்று கோத்தேன். அடியில் தக்கை ஒட்டினேன். ஒரு ஆள் நின்று, முழங்கால் வைத்து, கை வைத்து, நெற்றி வைக்கிற நீளம். ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். தொழும் நேரத்தில் விரிக்கலாம், முடிந்ததும் சுவரில் சாய்த்து வைத்தால் கீழே தரையும் காயும், பலகையும் காயும். கொண்டுபோய்ப் பின்னறையில் முதல் வரிசையில், அவளுடைய இடத்தில் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தாள். குனிந்து கையால் தொட்டும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "எல்லாரும் கீழ நிப்பாங்க, நான் மட்டும் உசரத்துல நிக்கிறதா?" என்றாள்.

"விரல் கனம்தானே புள்ள."

"விரல் கனமோ, முழ கனமோ. வரிசைன்னா எல்லாரும் ஒண்ணா நிக்கணும். இதுக்கு நான் சேர்லயே உக்காந்துக்குவேன்."

சரி என்று மற்ற கட்டுகளையும் பிரித்தேன். வரிசை முழுக்கப் போட வேண்டுமென்றால் ஒரு நிறம் போதாது. வெளுப்புக்குப் பக்கத்தில் தேன் நிறம், அதற்குப் பக்கத்தில் கருப்பு என்று கிடைத்ததையெல்லாம் தூக்கி எடுக்கிற அளவுத் துண்டுகளாகக் கோத்தேன். தனியாளாக முடியாது என்று தெரிந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டேன். எடுத்தார், வந்தார், பிடித்துக் கொடுத்தார். வில்லாக்காரர்கள் பார்த்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள், அப்படி ஒரு நிறக் கலப்பு. ஆனால் கீழே தரை மட்டமாக இருந்ததால் ஒரு பலகையும் ஆடவில்லை, ஒன்றும் முனகவில்லை. கொத்தனார் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு, "வாட்டம் இல்லாததும் நல்லதுக்குத்தான் போல," என்றார். அறை முழுக்க நிரந்தரமாகப் பதித்தது நோன்பெல்லாம் முடிந்து சித்திரை வெயில் அடித்த பிறகுதான்.

வரிசைப் பலகையைப் போட்டு முடித்த அன்று நோன்புப் பிறை பார்க்கிற நாள். அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் வரிசை நடுவில் தன் இடத்தில் தொழுகை விரிப்பை, அந்தப் பழைய முசல்லாவை, விரித்துக்கொண்டிருந்தாள். சேரை எடுத்து வந்து பக்கத்தில் வைக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், பாத்துக்கிறேன்," என்றாள். பள்ளியில் என் மனம் தொழுகையில் நின்றது என்று சொன்னால் அது பொய். தொழுகை முடிந்து யாரிடமும் நிற்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் பலகை மேல் உட்கார்ந்திருந்தாள், கையில் தஸ்பீஹ் மணியோடு. சேர் கொல்லையில், வைத்த இடத்திலேயே வெயிலில் கிடந்தது. நான் வாசலில் நின்றேன். அவள்தான் திரும்பிப் பார்த்தாள்.

"நெத்தி பட்டுச்சுங்க," என்றாள்.

எழுந்திருக்கத் தூக்கிவிடலாம் என்று கிட்டே போய்க் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. உள்ளங்கையைப் பலகையில் ஊன்றி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, தானாகவே எழுந்தாள்.